கட்டிப்போட்டால் நெய்யுமா கை?

ஒரே சேலையை ஆள் மாற்றி நெய்தால், வெளிச்சத்தில் விரித்துப் பிடித்ததுமே தெரிந்துவிடும். பலகையை இழுத்து ஊடையை, அதாவது குறுக்கிழையை, அடிக்கிற வேகம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் கையில் நெருக்கமாக விழுந்த இழை, இன்னொருவர் கையில் துளி தளரும். கை மாறிய இடத்தில் குறுக்கே ஒரு பட்டை ஓடும். பழகிய கண்ணுக்கு அது தப்பாது. சேலை இரண்டாம் தரத்துக்கு ஒதுங்கிவிடும். அதனால்தான் பட்டு நெசவில், பாவை, அதாவது தறியில் ஏற்றிய நெட்டிழையை, தொடங்கியவரே முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். பாதிப் பாவில் நெசவாளர் எழுந்து போய்விட்டால் முதலாளிக்கு ஆள் மட்டுமா போகிறார்? தறியில் ஏற்றிய பட்டும் ஜரிகையும் அதில் போட்ட பணமும் அப்படியே முடங்கிப் போகும்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற சாலையில் திருபுவனம், அதை அடுத்துத் திருவிடைமருதூர். மூன்றாம் குலோத்துங்கன் எழுப்பிய கம்பகரேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி போட்டு வருகின்றன. விசிறி மடிப்பாக மடித்து விற்கப்படும் திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை பெயர் இருந்தும் இங்கே பெரிய ஆலை என்று ஒன்று கிடையாது. ஐந்து தறி, பத்துத் தறி, அதிகம் போனால் சில டஜன் தறிகளுக்குப் பாவு கொடுக்கிற முதலாளிகள், கூட்டுறவுச் சங்கங்கள். தொழில் முழுக்க இவர்கள் கையில்தான் ஓடுகிறது.

"ஆள் நிக்க மாட்டேங்குறாங்க" என்ற புலம்பல் தறிக்காரர்களோடு முடிவதில்லை. கும்பகோணத்து ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை, அரிசி ஆலை, மருந்துக்கடை என்று எங்கே உட்கார்ந்து பேசினாலும் இரண்டாவது வாக்கியமாக இது வந்துவிடும். திருப்பூருக்குப் போகிறார்கள், சென்னைக்குப் போகிறார்கள், சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். டெல்டாவில் நடவுக்கே மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வந்து இறங்குகிற காலம் இது. ஆளை நிறுத்திவைக்க அவரவர் தமக்குத் தெரிந்த வழியைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு அடுத்த கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. நின்ற ஆள் எப்படி வேலை செய்கிறார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட இந்தப் பகுதியைவிடத் தோதான இடம் அமையாது. ஆளைக் கட்டிப்போடும் வழியும், ஆள் தானாகத் தங்குவதற்கான வழியும் இங்கே ஒரே தெருவில், எதிரெதிர் வீட்டில் இருக்கின்றன.

அட்வான்ஸ்

பட்டு நெசவில் ஆளை நிறுத்த முதலாளிமார் கண்ட பழைய வழி முன்பணம். நெசவாளர் வாயில் அது அட்வான்ஸ். வேலைக்குச் சேரும்போது ஒரு தொகை. மகள் கல்யாணம், வீட்டு ஓடு மாற்றுவது, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று நடுநடுவே இன்னும் கொஞ்சம். பெரும்பாலும் வட்டி கிடையாது. சேலை கொண்டுபோய்க் கொடுக்கும்போது கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். சில இடங்களில் அதுவும் பிடிப்பதில்லை. தொகை அப்படியே நிற்கும். நிற்க வேண்டும் என்பதுதான் கொடுத்தவரின் கணக்கும். கடன் தீராதவரை அவர் அடுத்த முதலாளியிடம் பாவு வாங்க முடியாது. போயே தீருவேன் என்றால், புது முதலாளி பழைய பாக்கியை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார். தொகை கை மாறும், கடன் நெசவாளர் தலையிலேயே இருக்கும்.

இதை வெறும் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனமில்லை. வங்கி எட்டிப்பார்க்காத வீட்டுக்கு இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரிப் பணம் கொடுக்கிறவர் அந்த முதலாளிதான். பல நெசவாளர்கள் அதை நன்றியோடுதான் சொல்வார்கள். கொடுத்தவருக்கும் அது சுகமான முதலீடு இல்லை. அந்தப் பணம் பட்டு வாங்க உதவாது, ஜரிகை வாங்க உதவாது. ஆள் ராவோடு ராவாக ஊரைவிட்டுப் போனால் திரும்பியும் வராது.

என் சந்தேகம் சேலையைப் பற்றியது. அட்வான்ஸ் பெரிதாகப் பெரிதாக, முதலாளியின் வாய் கட்டப்படுகிறது. ஓரத்தில் இழை விட்டிருக்கிறது, புட்டா ஒரு கண்ணி தள்ளி விழுந்திருக்கிறது என்றால் சாதாரணமாகக் கண்டிப்பார். உள்ளே பெருந்தொகை நிற்கும் ஆளைக் கண்டிக்க யோசிப்பார். கோபித்துக்கொண்டு தறியை நிறுத்திவிட்டால் சேலையும் போச்சு, பணமும் போச்சு. நெசவாளருக்கோ, கவனமாக நெய்தாலும் மேம்போக்காக நெய்தாலும் கடன் அதேபடி நிற்கிறது. அறுந்த இழையை அப்போதே நிறுத்தி, முடிச்சுப் போட்டு, விழுதில் கோத்து, பன்னைப் பல்லில் இழுத்துவிட்டுத் தொடர்வது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்க அவருக்குத் தூண்டுதல் எங்கிருந்து வரும்? இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்போட்டுக்கொண்டு, நடுவில் சேலையைக் கவனிக்க ஆளில்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாடு முற்றிப்போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காஞ்சிபுரம் காட்டியது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் பட்டுத் தறியில் உட்கார்ந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் ஒரு அறிக்கையாகவே வெளியிட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து அப்போது 27 வருடம் ஆகியிருந்தது.

ஒரு வேலிக்கு மேல்

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது புதுப்பாடம் இல்லை. நெல்வயலில் பார்த்ததுதான். பண்ணையாள் முறையின் அச்சாணியே கடன். கல்யாணத்துக்கு மிராசுதார் கொடுத்த நெல்லும் பணமும் தகப்பன் கணக்கிலிருந்து மகன் கணக்குக்கு வரும். ஆளைத் தக்கவைப்பதில் அதை மிஞ்சிய திட்டம் எந்த நிர்வாகப் புத்தகத்திலும் கிடையாது. மூன்று தலைமுறை ஆனாலும் ஆள் போக மாட்டார். ராஜாஜி அரசு 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தியது. தக்க காரணம் இல்லாமல் பண்ணையாளை நீக்கக் கூடாது என்றது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆளை விடவே மாட்டேன் என்று பிடித்துவைத்திருந்தவர்கள், நீக்க முடியாது என்று சட்டம் சொன்னதும், அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வதே மேல் என்று படிப்படியாக மாறிக்கொண்டார்கள். பிடி தன் கையில் இருந்தவரைதான் நிரந்தர ஆள் இனித்தார்.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் கிழக்கு வாசல் வழியாக நுழைந்தவர்கள் அதே வாசலில் திரும்பக் கூடாது என்பார்கள். வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலிலேயே காத்திருந்ததாம். அவர் மேற்கு வழியாக வெளியேறித் தப்பினாராம். அட்வான்ஸ் வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகளும் அந்த வழியைத்தான் கண்டுபிடித்தார்கள். தகப்பனார் தறிக் குழிக்குள் இறங்கினார். பையன் பாலிடெக்னிக் போனான், ஓசூருக்கோ சென்னைக்கோ போனான், திரும்பி வரவில்லை. ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்ட முன்பணம் அடுத்த தலைமுறையைத் தொழிலைவிட்டே துரத்தியிருக்கிறது. நாடு முழுக்கக் கைத்தறியில் இருந்தவர்கள் 1995-96 கணக்கெடுப்பில் 65.5 லட்சம், 2009-10-இல் 43.3 லட்சம், 2019-20-இல் 35.2 லட்சம். இந்தச் சரிவுக்கு விசைத்தறி முதல் துணிச் சந்தையின் ருசி மாறியதுவரை பல காரணங்கள் உண்டு. 2019-20 கணக்கில், நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை என்பது மற்ற எல்லாக் காரணத்துக்கும் முன்னால் நிற்கிறது.

சங்கத்துக் கணக்கு

எதிர்வீட்டுக்கு வருவோம். திருபுவனம் பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1955-இல் தொடங்கியது. வெளியூரில் 'திகோ சில்க்ஸ்' என்றால்தான் தெரியும். புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்ததும் இந்தச் சங்கம்தான். இங்கே நெசவாளர் உறுப்பினர். பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுக்கிறார்கள், சேலையை எடை போட்டு வாங்குகிறார்கள், கூலி பாஸ்புக்கில் ஏறுகிறது. அரசின் கூட்டுறவு நெசவாளர் சேமிப்புத் திட்டத்தில், கூலி ஒரு ரூபாய்க்கு நெசவாளர் 8 பைசா போட்டால் அரசு 4 பைசா சேர்க்கிறது. தீபாவளிக்குப் போனஸ், வயதான பிறகு ஓய்வூதியம், தறி இருக்கும் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம்.

இதெல்லாம் சேர்ந்தாலும் பெரிய பணமில்லை. ஆனால் அட்வான்ஸுக்கு நேர் எதிர்த்திசையில் வேலை செய்கிற பணம். அட்வான்ஸ் என்பது முன்னால் வாங்கிப் பின்னால் கழிப்பது. நாள் ஆக ஆக மனம் கனக்கும். சேமிப்பு, நெய்ய நெய்யச் சேர்வது. நன்றாக நெய்தவர் அதிகக் கூலி உள்ள டிசைனுக்குப் போவார், அவர் பங்கும் அதற்கேற்ப ஏறும். சேலை விற்றால்தான் போனஸ் என்பதால், விற்கிற மாதிரி நெய்வதில் அவருக்கே அக்கறை வருகிறது. இங்கே கண்டிப்பவருக்கும் வாய்க்கட்டு இல்லை. குறையிருந்தால் சொல்லலாம், கூலியில் கழிக்கலாம்.

சங்கம் என்றால் எல்லாம் சரி என்று எழுதினால் நெசவாளர்களே சிரிப்பார்கள். விற்காத சேலை அலமாரியில் தேங்கினால் சங்கங்களில் பாவு கொடுப்பது குறையும், போனஸ் சுருங்கும், நிர்வாகத்தில் அரசியல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதெல்லாம் தமிழ்நாட்டுக் கூட்டுறவு வரலாற்றில் பலமுறை பார்த்த கதை. தனியார் முதலாளி அப்படிப்பட்ட நேரத்தில்தான் நெசவாளர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்: "பாவு ரெடியா இருக்கு, வர்றீங்களா?"

காத்திருக்கும் நாட்கள்

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் எண்ணம். கூலி உயர்வைப் பற்றி எத்தனையோ பேச்சுவார்த்தை நடக்கிறது. பாவுக்குக் காத்திருக்கும் நாட்களைப் பற்றிப் பேசுவார் யாருமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாவில் மூன்று சேலை என்று வைத்துக்கொள்வோம்; சேலைக்குப் பன்னிரண்டு நாள் என்றால் 36 நாள் வேலை. கடைசிச் சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டு, சாயம் வரவில்லை, ஜரிகை வரவில்லை என்று அடுத்த பாவுக்கு ஆறு நாள் காத்திருந்தால், 42 நாளில் ஆறு நாள் கூலி கிடையாது. வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு சும்மா கரைகிறது. அந்த இடைவெளியை ஒழித்துவிட்டால், கூலியைப் பைசாகூட ஏற்றாமலே நெசவாளர் வருமானம் பதினேழு சதவீதம் அளவுக்கு ஏறும். பத்து சதவீதக் கூலி உயர்வுக்கு மல்லுக்கட்டுகிற இரண்டு தரப்பும் இந்தப் பதினேழைக் கண்டுகொள்வதில்லை.

காத்திருக்கிற நாளில்தான் ஆள் நழுவுகிறார். ஒரு கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகிறார், ஒரு கடையில் தற்காலிகமாக நிற்கிறார், மச்சான் திருப்பூரிலிருந்து போன் பண்ணுகிறார். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் மோசம். அடைமழையில் தறிக் குழியில் ஈரம் ஊறும், இழை நமத்துப்போகும், நெய்ய முடியாது. அட்வான்ஸ் கேட்டுக் கைநீட்டுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். அதாவது, முதலாளி பாவைச் சரியான நேரத்தில் கொடுக்காததால் வந்த பள்ளத்தை முதலாளியே கடனாகக் கொடுத்து மூடி, அந்தக் கடனைச் சொல்லியே ஆளைப் பிடித்து வைக்கிறார்.

நெசவுத் தரத்திலும் இந்த இடைவெளி தெரியும். பத்து நாள் தறியை விட்டு இருந்தவர் திரும்ப உட்கார்ந்தால் கைப்பக்குவம் வர நேரம் பிடிக்கும். மிதியும் பலகையும் ஒரே தாளத்துக்கு வரும்வரை நெய்த பகுதி சற்றே மாறித்தான் இருக்கும். அட்வான்ஸாக வெளியே முடங்கிக் கிடக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பட்டும் ஜரிகையுமாக முன்கூட்டி வாங்கி வைத்தால், ஆள் நிற்பதும் வேலை சிறப்பதும் ஒருசேர நடக்கும். பட்டு விலை நாளைக்கே இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஓடிப்போன ஆளிடம் நிற்கிற அட்வான்ஸின் விலை மட்டும் ஏறவா போகிறது?

கடைத்தெருவில்

தறியை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்தால் கட்டும் கயிறு வேறு வேறு. முதல் மாதச் சம்பளத்தை நிறுத்தி வைப்பது ஒரு வழக்கம். மதிப்பெண் சான்றிதழின் ஒரிஜினலை வாங்கிப் பூட்டி வைப்பது இன்னொன்று. மேற்கே நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, வேலைக்கு வந்த இளம்பெண்களிடம் மூன்று வருடம் முழுசாக முடித்தால்தான் மொத்தத் தொகை என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் போன பெண்களுக்கு என்ன கிடைத்தது என்பது ஊரறிந்த கதை. முன்பணம் முன்னால் கட்டுகிறது, இது பின்னால் கட்டுகிறது.

இத்தனை கயிறுக்கு நடுவே, ஆளைத் தங்கவைக்க ஒரு நாற்காலி போதும் என்று பலருக்குத் தோன்றவில்லை. ஜவுளிக்கடையில் காலையில் நின்ற பெண் இரவு கடை சாத்தும்வரை நின்றாக வேண்டும். சேலை எடுத்துப் போடும் கவனம் மாலையில் எப்படி இருக்கும் என்று தீபாவளிக் கூட்டத்தில் ஒருமுறை கவனித்தால் தெரியும். எட்டு மணிக்கு மேல் அவருடைய பதில்களெல்லாம் "அந்தக் கலர் இல்லீங்க" என்பதில் முடியும். அந்தக் கலர் இரண்டாவது தட்டில் இருக்கும். குனிந்து எடுக்கக் கால் ஒத்துழைக்காது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் செய்தது. கேரளம் அதற்கு மூன்று வருடம் முந்திக்கொண்டது. நாற்காலி பல கடைகளில் வந்திருக்கிறது. உட்கார அனுமதி வந்திருக்கிறதா என்பது வேறு விஷயம்.

பெரிய நிறுவனத்தில் ஆளை நிறுத்த உதவுகிற பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி எல்லாம் சிறு கடைக்கு எட்டுவதில்லை. பத்துப் பேருக்குக் கீழே இருந்தால் இஎஸ்ஐயும் கிராஜுவிட்டியும் கட்டாயமில்லை, இருபதுக்குக் கீழே பிஎஃப் கட்டாயமில்லை. ஒன்பது பேர் வேலை பார்க்கும் கடை பத்தாவது ஆளைச் சேர்க்கத் தயங்குவதன் ரகசியமும் இதுதான். ஆக, சிறு முதலாளியிடம் இருப்பவை சில்லறை விஷயங்கள்: ஒன்றாம் தேதி சம்பளம், மதிய உணவு, வாரத்தில் ஒருநாள் முழு விடுப்பு, திருவிழாவுக்கு ஊருக்குப் போக முகம் சுளிக்காத அனுமதி. தைப்பூசத்தன்று திருவிடைமருதூர்க்காரரைக் கடையில் பிடித்து உட்காரவைத்தால், உடம்பு கடையிலும் மனசு காவிரியின் கல்யாணத் தீர்த்தப் படித்துறையிலும் இருக்கும். அன்றைக்கு அவர் போட்ட பில்லை மறுநாள் சரிபார்ப்பது நல்லது.

ஐந்து டாலர்

ஆள் நிற்காத பிரச்சினைக்கு உலகமே மேற்கோள் காட்டுகிற உதாரணம் ஃபோர்டு. 1913-இல் அவருடைய கார் ஆலையில் சுமார் 14,000 பேர் வேலை பார்த்தார்கள். அந்த எண்ணிக்கை குறையாமல் வைத்துக்கொள்ள ஒரே வருடத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆளெடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளைக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். கூலி ஏறக்குறைய இரட்டிப்பு, வேலை நேரம் எட்டு மணி. ஆலையை விட்டுப் போவது மளமளவென்று குறைந்தது, உற்பத்தி ஏறியது. இதில் பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்தப் பணத்துக்குத் தகுதியானவர்தானா என்று பார்க்கத் தொழிலாளி வீட்டுக்கே ஃபோர்டு கம்பெனி ஆட்கள் போய் விசாரித்தார்கள்: குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, குடும்பம் ஒழுங்காக இருக்கிறதா? மிராசுதார் புத்தி டெட்ராய்ட்டிலும் உண்டு.

நமக்குக் கிட்டே, பெங்களூரின் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆடை ஆலைகளில் பொருளியலாளர்கள் அச்யுத அத்வர்யு, அனந்த் நைஷதம் முதலியோர் செய்த ஆய்வு எனக்கு இன்னும் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. சம்பள உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்து தொழிலாளர்கள் ஏமாந்திருந்த நேரம். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், பெயர் தெரியாதபடி, வேலையையும் சம்பளத்தையும் மேலாளரையும் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒரு ரூபாய் கூட்டித் தரவில்லை. கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப்போனவர்கள், மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

பத்துத் தறி முதலாளிக்கு அநாமதேயப் படிவம் தேவைப்படாது. தறி ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். இந்த ஜக்கார்டு அட்டையில் எந்த வரிசை தகராறு பண்ணுகிறது, எந்த லாட் பட்டு அடிக்கடி அறுகிறது, எந்தச் சாயம் கையில் ஒட்டுகிறது என்று நெய்கிறவருக்குத்தான் தெரியும். கேட்டால் சொல்வார். பல முதலாளிகள் கேட்பது ஒன்றே ஒன்று: "சேலை என்னைக்கு வரும்?"

நிற்பது மட்டுமே பெருமை என்றும் சொல்வதற்கில்லை. முப்பது வருடம் ஒரே முதலாளியிடம் ஒரே டிசைனை நெய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. புது டிசைன் என்றால் கழுத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முதலாளியும் வற்புறுத்த மாட்டார். இந்த விசுவாசத்தில் இரண்டு பேரும் சேர்ந்தே தேங்கிப்போகிறார்கள். வெளியே போய் நாலு இடம் பார்த்துத் திரும்பியவர், போகாதவரைவிட நன்றாக நெய்வதும் உண்டு. போனவரைத் துரோகி என்று தள்ளிவைக்காத முதலாளிக்கே அந்தக் கை மறுபடி கிடைக்கும்.

இன்னொரு கைக்கு யாரும் இதுவரை எந்த உத்தியும் வகுக்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் தறியில் உட்காருகிறவர் ஒருவர். ஊடை இழையைத் தாரில் சுற்றுவது, அறுந்த பட்டைப் பிரித்தெடுப்பது, புதுப் பாவைப் பழைய பாவின் நுனியோடு ஒவ்வோர் இழையாகப் பிணைப்பதில் கூட நிற்பது அவர் மனைவி அல்லது தாய். தாரில் இழை சீராக ஏறாவிட்டால் நாடா திக்கும், ஊடை தளரும், சேலையில் தெரியும். அதாவது, வேலையின் தரத்தில் பாதி அவர் விரலில் இருக்கிறது. கூலி ஏறுகிற பாஸ்புக்கில் பல வீடுகளில் அவர் பெயர் இல்லை; எட்டுப் பைசாவும் நாலு பைசாவும் அந்தப் பெயர் இருந்தால்தான் சேரும். நாட்டில் கைத்தறி வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள் என்கிறது 2019-20 கணக்கெடுப்பு. கும்பகோணம் கடைத்தெருவில் மாதச் சம்பளத்துக்கு ஆள் தேவை என்று தொங்குகிற பலகைகளை இப்போது அவர்களும் படிக்கிறார்கள். தறிக்காரர் வீட்டில் அடுத்து நழுவப் போகிற ஆள் நெய்கிறவராக இருக்க வேண்டும் என்றில்லை.